பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் நம் கடைச் சரக்கும்



வரி, உரிமம், சரக்கு விலை என்று பேசிவரும் நம் இதழில், பிள்ளைகளின் அறையையும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டையும் பற்றி இவர் எதற்காக எழுத வந்தார் என்று தோன்றலாம். வீட்டுப் பெண்கள் எழுத வேண்டிய விஷயம் என்றும் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2025-ஆம் வருடம் மே 5-ஆம் தேதி அந்த நினைப்பு போய்விட்டது.

அன்று வணிகர் தினம். வழக்கம்போல் கடைக்கு விடுமுறை. முழங்கால் வலி அதிகமாக இருந்ததால் மாநாட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். சங்கத் தலைவர் மன்னிக்க வேண்டும். கோடை விடுமுறையாதலால் என் மருமகள் பேரனுடைய அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளை. அவனுக்கென்று தனி அறை, கட்டில், பொம்மைப் படம் போட்ட விரிப்பு, ஆசாரியை வரவழைத்துச் செய்த கதவு வைத்த அலமாரி என்று எல்லாம் இருந்தன. அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது ஒரு ஆணி. அதில்தான் சட்டை, பை இரண்டும் தொங்கும்.

கட்டிலை நகர்த்தியபோது சுவரோரம் ஒரு பழைய செருப்பு அட்டைப்பெட்டி கிடந்தது. மருமகள் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மடித்து மடித்து அடுக்கிய பாக்கெட் காகிதங்கள். எண்ணிப் பார்த்தேன், 41. எல்லாம் ஐந்து ரூபாய் பாக்கெட். சோளப் பொரி வகை, மசாலா வளையம், எண்ணெயில் பொரித்த குழல். எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கத் தேவையில்லாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனையும் என் ஏஜென்சி சரக்கு. என் குடோனிலிருந்து லைன் வண்டியில் ஏறி, பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் சரமாகத் தொங்கி, என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

"டப்பா தினமும் காலியாகத்தானே மாமா வருது?" என்றாள் மருமகள். அதுதான் எனக்கும் புரியவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அவள் கட்டிக்கொடுத்த சாதம் எங்கே போயிற்று?

பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா, சாம்பார் பைக்குள்ள கொட்டிருது. நோட்டெல்லாம் மஞ்சளாப் போகுது. மிஸ் திட்டுறாங்க. அதனால வண்டி வர்றதுக்கு முன்னாடியே தெருமுனை நாய்க்குப் போட்டுருவேன். மத்தியானத்துக்கு நீங்க குடுக்கிற பத்து ரூபாய்க்கு ரெண்டு பாக்கெட்."

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் டப்பா, நல்ல கனம். மூடியின் உள்பக்கம் இருக்க வேண்டிய ரப்பர் வாஷரைக் காணோம். தேய்க்கும்போது கழன்று சாக்கடையில் போயிருக்க வேண்டும். எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நாலைந்து ரூபாய் பெறுமான வாஷர் இல்லாமல் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் மதியம் சாதம் சாப்பிடவில்லை.

பேரேட்டைப் புரட்டுகிற மாதிரி யோசித்துப் பார்த்தேன். அவனுக்குத் தினம் பத்து ரூபாய் கொடுத்தது தாத்தா, அதாவது நான். அந்தப் பாக்கெட்டை அந்தக் கடைக்கு இறக்கியதும் நான். மளிகை மொத்த வியாபாரம் செய்கிற வீட்டில் டப்பா ஒழுகுகிறது என்பதைக் கவனிக்காத பெரியவனும் நான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

*

என் சொந்த ஊர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம். 1966-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்தப் பள்ளியில் மதிய உணவு உண்டு. கேர் நிறுவனம் மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவையில் உப்புமா கிண்டிப் போடுவார்கள். தட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்த உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பதினோராம் வகுப்பு முடித்து, 1978-இல் மாமா கடையில் சிட்டை எழுதுவதற்காகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன்.

நம் வியாபாரிகள் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. நம் மாநிலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போடலாம் என்று நகராட்சியில் முதலில் முடிவெடுக்க வைத்தவர் ஒரு வியாபாரி. பிட்டி தியாகராயச் செட்டியார். நெசவு, தோல் என்று பெரிய அளவில் தொழில் செய்தவர். தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர்; அதன் தலைவராகவும் பல வருடங்கள் இருந்தவர். நாம் இன்று துணி எடுக்கப் போகிற தியாகராய நகருக்கு அவர் பெயர்தான். 1920-இல் அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் செலவு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கும் கட்டினார்கள். வியாபாரி மூளை அல்லவா! சோறு போட்டால் பிள்ளைகள் எண்ணிக்கை கூடும் என்று கணக்குப் போட்டார்கள், கூடியது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் விரித்தார்கள். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் ஆட்சேபித்ததால் 1925-இல் நின்றுபோய், இரண்டு வருடம் கழித்து மறுபடி தொடங்கியது.

பிறகு காமராசர் காலம். 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி, பருப்பு, காய்கறியை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அப்படிக் கொடுத்தவர்களில் எத்தனை மளிகைக் கடைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊரிலும் வசூல் நோட்டு முதலில் நம் கடைக்குத்தானே வரும்! அடுத்த வருடம் அரசாங்கமே பொறுப்பில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாகுறிச்சியில் தொடங்கிவைத்தார். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-இல் பள்ளி நாள் ஐந்துக்கும் முட்டை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, நாம் முன்பே செய்துகொண்டிருந்ததைத்தான் நாடு முழுக்கச் செய்யச் சொன்னார்கள்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவும் ஆரம்பமாயிற்று. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை; உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி போட்ட சாம்பார். 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில், கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள். அந்த விழா நடந்தது நம் மாவட்டத்துக் கீழச்சேரியில். 3,995 பள்ளிகளுக்கு அன்று நம் மண்ணில் அடுப்பு மூட்டினார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மதியம் சூடான சாதமும் முட்டையும் கிடைத்துவிடுகிறது. சிப்காட்டில் வேலை செய்ய ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, லைன் வீட்டில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வயிறு நிறைகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்களே, அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாதம் வீட்டு அடுப்பிலிருந்துதான் போக வேண்டும். அந்த அடுப்பு காலையில் எரியவில்லையென்றால் நம் கடைச் சரம்தான் அவனுக்குச் சாப்பாடு.

*

அடுப்பு ஏன் எரியவில்லை என்று பெண்களைக் குறை சொல்லுகிற பேச்சு நம்மிடையே நிறைய உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் ஒருநாள் விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்து நின்று பார்க்க வேண்டும். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் ஐந்தரைக்கெல்லாம் புறப்படுகின்றன. அதில் ஏறுகிறவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். கணவன் இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்குவான். பத்துக்குப் பத்து லைன் வீடு. அதிலேயே சமையல், படுக்கை, பிள்ளையின் புத்தகம் எல்லாம். தண்ணீர்க் குழாய் ஐந்து வீட்டுக்கு ஒன்று. அந்த வீட்டுத் தாய் நாலு மணிக்கு எழுந்து இட்லி அவிக்கவில்லை என்று கேட்க நமக்கு என்ன யோக்கியதை? பிள்ளையின் கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டு ஓடுகிறாள். அந்தப் பத்து ரூபாய் எட்டேகால் மணிக்கு நம் கல்லாவுக்கு வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் என்னிடம் சரக்கு எடுக்கிற ஒரு தம்பி கடை, ஒரு தனியார் பள்ளியின் வாசலிலிருந்து இருபது தப்படி தூரம். மே மாதம் கடைசியில் அவரிடம் போய், "தம்பி, பள்ளிக்கூடம் திறந்ததும் முன்னாலே தொங்குகிற சரத்தை எடுத்துவிடுவோமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியாது.

"என்ன அண்ணாச்சி, சரக்கு குடுக்கிறவரே எடுக்கச் சொல்றீங்க? சரம் தொங்கலைன்னா கடை திறந்திருக்குன்னே எவனுக்கும் தெரியாது. கரண்டு பில்லே அதுலதான் வருது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் அவருக்கு அறுபது பைசா நிற்கும். கெடாது, நிறுக்க வேண்டாம், பொட்டலம் கட்ட வேண்டாம். மாதக் கடைசியில் ஸ்கீம் வேறு. பத்துக்கு ஒன்று இனாம். வேலையே இல்லாத வியாபாரம்.

ஆனால் சட்டம் ஒன்று இருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். நம் உறுப்பினர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் உணவு குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிமுறைகள், 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது. பீடி, சிகரெட்டுக்கு 100 கஜம் என்று 2003-ஆம் வருடச் சட்டம் இருப்பது நமக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து அபராதம் போடுவதால் தெரியும். இந்த 50 மீட்டர் விதியை யாரும் வந்து கேட்காததால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் துணிச் சாயம் கலந்திருப்பதாகக் கண்டு நம் மாநிலத்தில் தடை செய்தார்களே, அப்போது தெருவில் வண்டி வைத்திருந்த ஏழை வியாபாரிகள்தான் ஒரே நாளில் பிழைப்பை இழந்தார்கள். விதி நம் கதவைத் தட்டும்வரை காத்திருந்தால் நமக்கும் அந்த நிலைதான்.

தம்பி ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சரத்தை உள்ளே எடுத்துவிட்டு, முன்னால் கண்ணாடி ஜாடியில் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொரியுருண்டை. வாழைத்தார் ஒன்று. காலையில் அவருடைய வீட்டம்மா அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல், சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பத்து ரூபாய்; கிண்ணத்தை அங்கேயே சாப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் வாரம் நஷ்டம். வாழைப்பழம் கறுத்துப்போய் மாட்டுக்குப் போயிற்று. சுண்டல் பாதி மிஞ்சியது. பிள்ளைகள் ஜாடியைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். தம்பி எனக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, உங்க பேச்சைக் கேட்டு நான் சுண்டல் சாப்பிட்டே குண்டாயிட்டேன்" என்றார். இரண்டாவது வாரம் ஒரு மாற்றம் செய்தோம். சுண்டலில் மாங்காய்த் துருவலும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும். வாழைப்பழத்தைத் தாராக வாங்காமல் தினம் இரண்டு சீப்பு மட்டும். அந்தச் சுண்டல் பிடித்துக்கொண்டது. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது. கிண்ணத்துக்கு நாலு ரூபாய்க்குக் குறையாமல் நிற்கிறது என்று கணக்குச் சொன்னார். ஆனால் வீட்டம்மா அதிகாலையில் எழுந்து அவிக்க வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் எழுதினீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கடலைமிட்டாய் விஷயத்தில் ஒரு வார்த்தை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரை ஒட்டி எங்கெங்கோ செய்ததெல்லாம் வருகிறது. பழைய கடலையில் செய்தால் சிக்கு வாடை அடிக்கும். ஒன்றை உடைத்து மோந்துபார்க்காமல் ஜாடியில் கொட்டாதீர்கள். பிள்ளை ஒருமுறை துப்பினால் மறுமுறை வராது.

*

இனி டப்பாவுக்கு வருகிறேன். இது பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கடைக்கு வருகிற தாய்மார்கள், "அண்ணாச்சி, பிள்ளைக்கு மத்தியானம் கட்டிக்குடுக்க என்ன இருக்கு?" என்று கேட்கும்போது நாம் உடனே ஐந்து நிமிட நூடுல்ஸைத்தான் எடுத்து வைக்கிறோம். அலமாரியில் வேறு என்ன இருக்கிறது என்று நமக்கே ஞாபகம் வருவதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் மாவட்டத்தில் வெயில் குறைவதில்லை. காலை ஆறரைக்குக் கட்டுகிற சாதம் மதியம் பன்னிரண்டரைவரை பையில் வேக வேண்டும். தேங்காய் அரைத்த சட்னி அதற்குள் ஊசிவிடும். என் வீட்டில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டோம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிவிட்டால் மாலைவரை கெடாது, ஒழுகாது. புளிக்காய்ச்சல் ஒருநாள் கிளறி வைத்தால் ஒரு வாரம் வரும். எலுமிச்சைச் சாதத்துக்குச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கசக்கும். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால், மதியத்துக்குச் சரியான பதத்தில் தோய்ந்திருக்கும். எந்தச் சாதமானாலும் ஆவி அடங்கின பிறகுதான் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துச் சாதம் நசநசத்துவிடும். அவசரத்தில் எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இதில் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் நம் கடைச் சரக்கு. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற தாய்க்கு, இரவே வடித்து வைத்த சாதத்தில் தண்ணீர் ஊற்றிப் பழையதாகக் கொடுத்தனுப்ப முடியாது. ஆனால் விடியற்காலையில் குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி வைத்து இறக்கினால், பொடியும் எண்ணெயும் போட்டுப் பிசைய ஐந்து நிமிடம் போதும். அவளுக்குத் தேவை ஐம்பது கிராம் பொட்டலம். கால் கிலோ பாக்கெட் அவளுக்கு விலை கட்டாது. செங்குன்றத்திலிருந்து சிப்பம் சிப்பமாக அரிசி இறக்குகிற நாம், ஐம்பது கிராம் பொடி கட்ட ஆள் இல்லை என்கிறோம். என் கடையிலும் இதே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது பக்கத்துத் தெருவில் இரண்டு பெண்கள் வீட்டிலேயே வறுத்து அரைத்து, உணவுப் பதிவுச் சான்றும் வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது வாஷர். பாத்திரக்கடைச் சகோதரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டப்பா விற்கிறோம், வாஷர் விற்பதில்லை. வாஷர் போனால் புது டப்பா வாங்கட்டும் என்று நினைக்கிறோமோ என்னவோ! பேரனின் டப்பாவுக்கு வாஷர் தேடி நான் கும்மிடிப்பூண்டி பஜார், பொன்னேரி இரண்டும் அலைந்தேன். கடைசியில் சென்னைப் பாரிமுனையில் ஒரு சந்துக்கடையில் கிடைத்தது. வாஷர் விலை நாலு ரூபாய்; போய்வந்த செலவு அறுபது ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மிக்சர், முறுக்கு வகைக்கும் அதே நாளில் அதே மாதிரி 12-லிருந்து 5 ஆயிற்று. டப்பாவுக்கும் பாக்கெட்டுக்கும் ஒரே தராசு. எந்தத் தட்டு இறங்க வேண்டும் என்பது கடையில் நாம் எதை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

*

பேரனின் அறையைப் பற்றிச் சொல்லி ஆரம்பித்தேன். அதை முடிக்கவில்லை.

ஆசாரி செய்த அலமாரியின் தட்டுகள் எல்லாம் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரம். டப்பா, தண்ணீர்ப் புட்டி, பை எதையும் அவன் தானாக எடுக்க முடியாது. அதனால் மாலையில் வந்ததும் பை கட்டிலுக்கு அடியில், டப்பா பைக்குள்ளேயே. இரவு ஒன்பது மணிக்கு அதைத் தேடி எடுத்தால் நாற்றம். அழகுக்குச் செய்த அறையில் பிள்ளைக்கு வசதி என்று ஒன்றுமே இல்லை. கதவுகள் வேறு. கதவு இருந்தால் உள்ளே எதையும் அடைக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

கீழ் இரண்டு தட்டின் கதவுகளைக் கழற்றிவிட்டோம். அவன் தோள் உயரத்தில் இரண்டு ஆணி. ஒன்றில் பை, ஒன்றில் டப்பாவுக்கென்று தனித் துணிப்பை. டப்பாவைப் புத்தகத்தோடு சேர்த்து வைப்பதே தப்பு என்பது இவ்வளவு வயதுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அவனே எடுத்துக் கழுவும் தொட்டியில் போட வேண்டும். வாஷரைக் கழற்றி அவனே ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும். அது அவன் பொறுப்பு. நாலு நாள் மறந்தான், ஐந்தாவது நாளிலிருந்து மறக்கவில்லை.

லைன் வீட்டில் அறை ஏது, அலமாரி ஏது என்று கேட்பீர்கள். அதற்கும் வழி நம் கடையில்தான் இருக்கிறது. சோப்பு, பிஸ்கட், எண்ணெய்ப் பாக்கெட் வருகிற அட்டைப்பெட்டிகளை நாம் கிலோ பத்து, பன்னிரண்டு ரூபாய்க்குப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறோம். சோப்புப் பெட்டி நல்ல கனம். மூன்று பெட்டியைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினால் பிள்ளைக்கு மூன்று தட்டு அலமாரி. கீழே செருப்பு, நடுவில் புத்தகம், மேலே உடுப்பு. எண்ணெய் டின்னை ஒரு பக்கம் வெட்டி விளிம்பைத் தட்டி மடக்கிவிட்டால் குச்சி, பென்சில், ஸ்கேல் போட்டு வைக்கலாம். ஆனால் விளிம்பை மடக்காமல் கொடுத்துவிடாதீர்கள், கையைக் கிழித்துவிடும். பத்துக்குப் பத்து வீட்டில் ஒரு மூலை மட்டும் பிள்ளையுடையது என்று ஆகிவிட்டால், காலை அவசரத்தில் பையைத் தேடுகிற பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தில் சாதம் பிசைந்துவிடலாம்.

சென்ற ஜூனில் என் கடை வாசலில் பெட்டிகளை அடுக்கி, பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இனாம் என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். முதல் நாள் எடுத்துக்கொண்டு போனவர்கள் பழைய பேப்பர்காரனிடம் விற்றுவிட்டார்கள் என்று பையன் வந்து சொன்னான். போகட்டும். இரண்டாம் நாளிலிருந்து கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தோம். கட்டினதைப் பிரித்து விற்க எவருக்கும் மனம் வராது.

*

என் மகனுக்கு இதிலெல்லாம் முழுச் சம்மதம் இல்லை. ஏஜென்சியைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். "அப்பா, நாம குடுக்கலைன்னா பக்கத்து ஏஜென்சிக்காரன் குடுப்பான். கடைக்காரனும் போவான், ஸ்கீமும் போவும். நீங்க சொல்ற மாதிரி செஞ்சா இந்த மாசம் டார்கெட் வராது" என்றான். டார்கெட் வரவில்லை. மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வரவில்லை. கம்பெனியின் ஊக்கத்தொகை கையைவிட்டுப் போனது. அவன் சொன்னதில் எந்த வார்த்தையையும் என்னால் மறுக்க முடியவில்லை.

ஏஜென்சியையே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். குடும்பம், கடையில் ஏழு ஆட்கள், வங்கிக் கடன் எல்லாம் இருக்கின்றன. பாக்கெட் இன்னும் விற்கிறோம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற பதினோரு கடைகளுக்கு மட்டும் லைன் வண்டியில் அந்தச் சரக்கு ஏறக்கூடாது என்று மகனோடு பேசி முடிவு செய்தோம். அந்தப் பதினோரு கடைகளில் நாலு பேர் வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டார்கள். மளிகை, எண்ணெய் உட்பட எல்லாச் சரக்கும் சேர்ந்து போயிற்று. மீதி ஏழு பேரில் மூன்று கடையில் சுண்டல் ஓடுகிறது. நாலு கடையில் ஜாடியும் இருக்கிறது, எங்கிருந்தோ வாங்கிய சரமும் தொங்குகிறது. போகும்போதெல்லாம் நான் பார்க்காத மாதிரி வந்துவிடுகிறேன்.

சங்கத்தில் ஒரு தீர்மானமாகப் போட்டு, பள்ளி வாசல் கடைகளுக்கு எந்த மொத்த வியாபாரியும் அந்த வகைச் சரக்கை இறக்குவதில்லை என்று எல்லாருமாக ஒத்துக்கொண்டால், போன நாலு கடையும் போக வேண்டியதில்லை. என் மகன் சொல்கிற பக்கத்து ஏஜென்சிக்காரரும் நம் உறுப்பினர்தான். அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கக் கேட்டிருக்கிறேன். எதிர்த்துப் பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசட்டும். என் கணக்கு நோட்டையும் கொண்டுவருகிறேன், போன தொகை எவ்வளவு என்று மறைக்காமல் படிக்கிறேன்.

பேரன் இப்போது பத்து ரூபாய் கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஒருநாள் கேட்கிறான், வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். டப்பா காலியாக வருகிறதா என்பதை மருமகள் தெருமுனை நாயை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். நாய் இளைத்துப்போய்விட்டது என்கிறாள்.

வாஷர் மூன்று அளவில், நூறு நூறாக வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தைத்திருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்ட வசதி. வேண்டிய கடைக்காரர்கள் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பாகச் சொல்லிவிட்டால் லைன் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன்.